கிட்டார் பெட்டிக்கு வாய் கிடையாது

மல்லசமுத்திரம் அர்த்தநாரியின் காதுக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்துக்கு அவர்தான் மைக் செட் கட்டினார். சாலை நெடுகக் கம்பம் நட்டுப் பன்னிரண்டு குழாய் ஸ்பீக்கர். டீக்கடை வாசலில் நின்றவர், வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைப் பாதியில் நிறுத்தி, "ஏழாவது கம்பத்துக் குழாய் போயிருச்சு" என்றாராம். ஆள் ஏறிப் பார்த்தால் ஏழாவது கம்பத்தில்தான் உள்தகடு விரிசல் விட்டிருந்தது. அன்றிலிருந்து அவருக்குப் பாம்புக் காது என்று பட்டம்.

நம் ஆட்களுக்கு ஒரு குணம். ஒருவனுக்குப் பட்டம் கொடுத்துவிட்டால் அப்புறம் அதை உரசிப் பார்க்க மாட்டார்கள். பட்டம் வாங்கினவனும் உரசிப் பார்ப்பதில்லை. அர்த்தநாரிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. பதினெட்டு வருடத்தில் முடி நரைத்தது, முட்டி வலி வந்தது, கண்ணாடி வந்தது. காது மட்டும் அப்படியே இருக்கும் என்று ஊரும் நம்பியது, அவரும் நம்பினார்.

அவர் பிறந்தது விசைத்தறி வீட்டில். முன்பக்கம் நான்கு தறி, பின்பக்கம் சமையல், நடுவில் ஒரு சுவர். சுவருக்கும் காது உண்டு என்பார்களே, அந்தச் சுவருக்கு இருந்திருந்தால் அது எப்போதோ செவிடாகியிருக்கும். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் கத்துவதே இல்லை. உதட்டை நன்றாகப் பிரித்து, சத்தமே போடாமல் பேசுவார்கள். எதிரே இருப்பவர் வாயைப் பார்த்துப் பதில் சொல்வார். நூல் அறுந்தது, சோறு ஆறுகிறது, மாமன் வந்திருக்கிறார், எல்லாம் அப்படித்தான். அந்த வீட்டுக் குழந்தைகள் அகரம் படிப்பதற்கு முன்னால் உதடு படித்துவிடும். இதை ஒரு வித்தை என்று அங்கே யாரும் எண்ணுவதில்லை. அர்த்தநாரியும் எண்ணவில்லை.

இருபத்திரண்டு வயதில் தறியை விட்டு மைக் செட்டுக்கு வந்தார். தறி அவரை விடவில்லை. இளம்பிள்ளை என்ற ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி கோகிலவாணி நான்கு தறியை ஆறாக்கி இன்றைக்கும் ஓட்டுகிறாள். ஆக வீட்டில் இருந்தால் தறிச் சத்தம், வெளியே போனால் குழாய் ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும். அந்தக் காது என்னதான் செய்யும் பாவம்.

பதினோரு வருடமாகச் சேலம் சென்றாயனின் இன்னிசைக் குழுவுக்கு அவர்தான் ஒலி. சென்றாயன் குழுத் தலைவர், பாடகரும் அவரே. ஐம்பத்தைந்து தாண்டியும் கச்சேரிக்குச் சிவப்புச் சட்டைதான் போடுவார். மேடைக்கு எதிரே, எல்லா மைக்கின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை மேசையில் வைத்து உட்கார்ந்தால், பாடுபவர் முகத்திலிருந்து அர்த்தநாரி கண்ணை எடுக்க மாட்டார். பாடகி உதட்டைப் பிரிப்பதற்குள் அவருடைய விரல் மிக்ஸரில் ஏறியிருக்கும். ஒரு பாட்டிலும் முதல் எழுத்து அமுங்கியது கிடையாது. "என்னா காதுய்யா உனக்கு!" என்று சென்றாயன் மேடையிலேயே சொல்வார். அது காதா, கண்ணா என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கைக்குள் பிரபாகர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பிரபாகருக்கு ரயில்வேயில் டெக்னீஷியன் வேலை, சூரமங்கலத்தில் குவார்ட்டர்ஸ். ஆறு வருடமாகக் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். மற்றக் கிட்டார்க்காரர்களைப் போல அவனும் வயரை நேராக மிக்ஸரில் செருகித்தான் வாசித்துக்கொண்டிருந்தான். போன தை மாதம், பெங்களூரில் யாரோ ஒருவரிடமிருந்து கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் பழைய வால்வு ஆம்ப் ஒன்றை வாங்கி வந்தான். அரிசிச் சிப்பம் கனம். முன்னால் துணி மூடிய ஒற்றை ஸ்பீக்கர், மேலே ஆறு திருகு. சூடேற ஐந்து நிமிடம் ஆகும். ஏறிவிட்டால் அவன் விரல் அழுத்துகிற அழுத்தத்துக்கு ஏற்பக் குழையும், முனகும், சிணுங்கும். அதை நாலு பேருக்கு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு இருந்த ஆசைக்கு அளவே இல்லை. "அந்தப் பொட்டிக்கு ஒரு ரேசன் கார்டு வாங்கிருங்க" என்று வீட்டுக்காரி கேலி செய்வதாக அவனே சொல்லிச் சிரிப்பான்.

பெட்டிச் சத்தம் கூட்டத்துக்குப் போக வேண்டுமானால் அதன் முன்னால் ஒரு மைக் வைக்க வேண்டும். எந்த மைக், எந்த இடத்தில் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஸ்பீக்கரின் நட்டநடுவில் வைத்தால் சத்தம் கூராக வரும், ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மழுங்கும். இரண்டு விரற்கடை தள்ளினால் அது வேறு கிட்டார். பாடுவதற்கு வைக்கும் உருண்டைத் தலை மைக் ஒரு மாதிரி வாங்கும். டிரம்ஸுக்கு வைக்கும் தட்டைத் தலை மைக் முரட்டுச் சத்தத்தையும் பதறாமல் வாங்கும். டிரம்ஸின் தாளத் தட்டுக்கு வைக்கும் பென்சில் மைக் ரொம்பத் துடியானது. மேடையில் யாராவது மூக்கை உறிஞ்சினால்கூட எடுத்துக்கொள்ளும்.

மாசியில் ராசிபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெட்டிக்கு அதுதான் முதல் கச்சேரி. மதியம் மூன்று மணி, மண்டபத்தில் நாற்காலி போடும் ஆட்களைத் தவிர யாரும் இல்லை. அர்த்தநாரி டிரங்கைத் திறந்து, தன் வீட்டுத் தறியில் நெய்த துண்டுகளில் சுற்றி வைத்திருந்த மைக்குகளைப் பிரித்தார்.

"அண்ணா, அந்தத் தட்டைத் தலையை வைங்க. நடுவுல வேணாம், கொஞ்சம் ஓரமா" என்றான் பிரபாகர்.

வைத்தார். பிரபாகர் வாசித்தான். அர்த்தநாரி மிக்ஸர் வரைக்கும் நடந்துபோய்க் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, கம்பளிக்குள்ள படுத்துட்டு வாசிக்கற மாதிரி இருக்குது."

"எனக்கு நல்லாத்தானேண்ணா கேக்குது."

"நீ பொட்டி பக்கத்துல நிக்கற. இங்க வந்து கேளு."

பிரபாகர் நீள வயரை மாட்டிக்கொண்டு மிக்ஸர் பக்கமே வந்து நின்று வாசித்தான். "இங்கயும் நல்லாத்தாண்ணா இருக்குது" என்றான். அர்த்தநாரி உதட்டைப் பிதுக்கினார். உருண்டைத் தலையை மாற்றிப் பார்த்தார். அதற்குக் கம்பளியே தேவலை என்று தோன்றியது. கடைசியில் பென்சில் மைக்கை எடுத்து, ஸ்பீக்கரின் நட்டநடுவில், துணியை உரசாத குறையாக வைத்தார். மிக்ஸரில் மேல் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் திருகை முக்கால்வாசி திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். அப்போதுதான் அவருக்கு முகம் மலர்ந்தது.

"இதாம்ப்பா கிட்டாரு! ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாத் தெரியுது பாரு."

பிரபாகரின் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. "அண்ணா, பல்லுக் கூசுதுண்ணா. கத்தியாட்டம் இருக்குது."

"கூட்டம் வந்து உக்காந்தா எல்லாம் அடங்கீரும். இருபத்தாறு வருசமாக் கட்டறேன், எனக்குத் தெரியாதா?"

இந்தக் கேள்விக்கு மல்லசமுத்திரத்திலிருந்து ஆத்தூர் வரைக்கும் யாரிடமும் பதில் கிடையாது. பிரபாகர் நீள வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

சாயங்காலம் மூன்றாவது பாட்டில் கிட்டார் தனியாக வரும் இடம். பிரபாகர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்தின. பெண்கள் முந்தானையை எடுத்துக் காதில் அழுத்தினார்கள். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. கல்யாணப் பெண்ணின் சித்தப்பா மேடையேறி வந்து சென்றாயனின் காதில் ஏதோ சொல்ல, சென்றாயன் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். கோபத்தில் கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ என்னடான்னா கோணக் கூடத்தையே தூக்கிட்டு வந்திருக்கற! அமத்துடா அந்தப் பொட்டியை!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. பிரபாகர் சிரிக்கிற கூட்டத்தைப் பார்க்கவில்லை, நேராக மிக்ஸரைப் பார்த்தான். அர்த்தநாரி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பெட்டி அப்படி, நான் என்ன பண்ண முடியும் என்று அதற்கு அர்த்தம். அதை அவர் மனதாரத்தான் செய்தார். கோளாறு எங்கே என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

அடுத்த கச்சேரி பங்குனியில் வாழப்பாடியில், கோவில் பண்டிகைக்கு. பெட்டி இல்லாமல் வந்தால் வா, பெட்டியோடுதான் வருவேன் என்றால் வராதே என்று பிரபாகரிடம் சொல்லிவிட்டார் சென்றாயன்.

ராசிபுரம் கழிந்து ஒரு வாரம் இருக்கும். தறியில் ஏற்றிய பாவு நூல் தீர்ந்து, அடுத்த பாவு வந்து சேராததால் ஆறு தறியும் நின்றிருந்தன. காதைப் பொத்திய குழந்தைகள் அர்த்தநாரியின் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தார்கள். பென்சில் மைக்கில் ஏதாவது கோளாறோ என்று தறிப் பட்டறையிலேயே மிக்ஸரையும் ஒரு ஸ்பீக்கரையும் வைத்துச் சோதித்தார். போனிலிருந்து ஒற்றைச் சத்தமாக அனுப்பி, கீழிருந்து மேலாக ஏற்றிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. மிக்ஸரில் பச்சை விளக்குகள் மட்டும் ஏறி நின்றன. ஸ்பீக்கரில் மேல் சத்தத்துக்கான ட்வீட்டர் போய்விட்டது என்று நினைத்து, சத்தத்தை இன்னும் கூட்டினார்.

அடுப்படியிலிருந்து கோகிலவாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க! நிறுத்துங்க அதை! காதுக்குள்ள கம்பியை உட்டுக் குடையற மாதிரி இருக்குது!"

"எதை?"

"எதையா? இந்தச் சத்தத்தைத்தானுங்க!"

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். வெளியே காக்கை கரைவது கேட்டது. தெருவில் ஒரு பைக் போவது கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து மட்டும் ஒன்றுமே இல்லை.

சத்தத்தைக் குறைத்தார். "அக்கட்டத் திரும்பி நில்லு. சத்தம் கேட்டாக் கையைத் தூக்கு" என்றார். மறுபடி கீழிருந்து ஆரம்பித்தார். முதல் ஏழெட்டுச் சத்தம் இருவருக்கும் கேட்டது. அப்புறம் கோகிலவாணியின் கை மட்டும் உயர்ந்தது. அடுத்ததற்கும் உயர்ந்தது. அதற்கடுத்ததற்கும் உயர்ந்தது. வலது காதைக் கொடுத்தார், இடது காதைக் கொடுத்தார், ஸ்பீக்கர் துணியிலேயே காதை ஒட்டிவைத்தார். நின்றுபோன தறிகளுக்கு நடுவில் மனைவியின் கை ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு முன்னயே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாம என்னுங்க. அஞ்சாறு வருசமா முதுகுக்குப் பின்னால கூப்பிட்டாத் திரும்ப மாட்டீங்க. அதான் நான் முன்னால வந்து நின்னே பேசறது."

"ஏன் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்குது? எங்கப்பனுக்கும் அப்படித்தான், உங்கப்பனுக்கும் அப்படித்தான். தறிக்காரங்க ஊட்டுல யாருக்குங்க காது முழுசாக் கேக்குது? வாயைப் பார்த்தாத் தெரிஞ்சு போகுது."

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வீடுகளில் காது மந்தமாவதை நரை விழுவதைப் போலத்தான் எடுத்துக்கொள்வார்கள். யாரும் அதை வியாதி என்று எண்ணி மருந்து தேடுவதில்லை. பாடுகிறவருக்கு வாய் இருக்கிறது, அதைப் பார்த்தே அர்த்தநாரி இத்தனை வருடம் ஓட்டிவிட்டார். கிட்டார் பெட்டிக்கு வாய் கிடையாது. வாசிப்பவனின் விரல் ஓடுவது தெரியும். வருகிற சத்தம் கூரா, மழுங்கலா என்று விரல் சொல்லாது. அதைக் காதுதான் சொல்ல வேண்டும். தன் காதுக்கு எட்டும்வரை அவர் ட்ரெபிளைத் திருப்பியிருக்கிறார். அது அவருக்கு எட்டியபோது மற்றவர்களுக்குக் கத்தியாகிவிட்டது.

சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் போய்வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்து, தாளில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். பாதிவரை சமமாக வந்த கோடு அப்புறம் கிணற்றுப் படிபோலக் கீழே இறங்கியது. "நரம்பு தேஞ்சுபோச்சு. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தணும்னா சத்தத்துல இருந்து தள்ளி இருங்க" என்றார் டாக்டர். மைக் செட்காரனிடம் சொல்கிற யோசனையா அது! அர்த்தநாரி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஊர் வரும்வரை மடித்ததைப் பிரிக்கவில்லை.

பங்குனி, சித்திரை, வைகாசி, மூன்று மாதமும் பண்டிகைதான். இந்த நேரத்தில் விஷயம் வெளியே போனால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாம்புக் காது என்று பட்டம் கொடுத்த வாய்கள்தான். செவிட்டு மைக் செட் என்று கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? கூப்பிட ஆள் இருக்காது என்பதுகூட அப்புறம். டீக்கடையில் நின்று டீ குடிக்க முடியாது என்பதுதான் அவரை வதைத்தது. சொல்ல வேண்டும் என்று காலையில் நினைப்பார். சாயங்காலத்துக்குள், பண்டிகை முடியட்டும் என்று தோன்றிவிடும்.

அப்படி ஒரு நாளில் பிரபாகர் வார விடுப்பில் பைக்கை எடுத்துக்கொண்டு சூரமங்கலத்திலிருந்து வந்துவிட்டான். உள்ளே ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சாமான் ஏற்றும் குட்டி யானை வண்டியின் நிழலில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கோகிலவாணி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க" என்றான் பிரபாகர். "சென்றாயண்ணன் கத்துனது எனக்குப் பெருசில்ல. அவருக்குப் பாட்டுத் தெரியும், சத்தம் தெரியாது. கூட்டம் சிரிச்சதும் பெருசில்ல. ஆனா ஊட்டுல வெச்சு வாசிச்சா எனக்கு நல்லா இருக்குது. எம் பொருளு, அதனால எனக்கு நல்லாத் தெரியுதோ என்னவோன்னு ஒரே குழப்பம். ராத்திரி தூக்கமே இல்லண்ணா. நீங்க சொல்லுங்க. நெசமாவே எம் பொட்டி அவ்வளவு நாராசமா?"

அர்த்தநாரி வாயைத் திறந்தார். பெட்டியில் ஒரு குறையும் இல்லை, என் காதில்தான் குறை என்று சொல்லத்தான் திறந்தார். பயம் முந்திக்கொண்டது.

"பொட்டி கொஞ்சம் அப்படித்தாம்ப்பா. எந்த மைக்கை வெச்சாலும் அதை அடக்க முடியாது. பழையபடி வயரை மிக்ஸர்லயே குத்திக்க. உனக்கும் அதான் நல்லது."

"நீங்க சொன்னாச் சரிதாண்ணா" என்றான் பிரபாகர். மோரைக் குடித்துவிட்டு, "வாரேன்க்கா" என்று கோகிலவாணியிடமும் சொல்லிக்கொண்டு போனான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். சண்டை போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரிடம் பேச வேண்டியதை அவர் முதுகுப் பக்கமே நின்று பேசினாள். ஏதோ சொல்கிறாள் என்று தெரியும், என்ன என்று தெரியாது. அவர் திரும்புவதற்குள் முடித்துவிட்டுப் போயிருப்பாள். ஐந்தாறு வருடமாக அவள் முன்னால் வந்து நின்று கொடுத்துக்கொண்டிருந்தது என்ன என்று அந்த நாலு நாளில்தான் அவருக்கு விளங்கியது. ஐந்தாம் நாள் அவரே போய் அவள் எதிரில் நின்றார்.

"வாழப்பாடியில சொல்லீர்றேன். சென்றாயண்ணன் கிட்டயும் சொல்லீர்றேன். போதுமா?"

"எனக்கென்னத்துக்குங்க சொல்லணும்?" என்றாள். ஆனால் இந்தத் தடவை முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வாழப்பாடிக்குக் குட்டி யானையை அவரே ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். "பிரபா, கோளாறு பொட்டியில இல்ல, எங்காதுல." அயோத்தியாப்பட்டணம் தாண்டுவதற்குள் ஐம்பது தடவை சொல்லியிருப்பார். வண்டியிடம் சொல்வது எளிதாகத்தான் இருந்தது.

கோவில் பக்கத்து மைதானத்தில் மேடை. மூன்றரை மணிக்கே எல்லாம் இறக்கி, வயர் ஓட்டி முடித்தார். பிரபாகர் வழக்கமாக நிற்கும் இடத்தில் பெட்டிக்கு மின் இணைப்பு இழுத்து வைத்தார். அதற்கு முன்னால் குட்டை ஸ்டாண்டு ஒன்றை நிறுத்தி, தட்டைத் தலை மைக்கை மாட்டினார். பெட்டி வந்ததும் எந்த மைக், எந்த இடம் என்று பிரபாகரே தேர்வு செய்யட்டும், மிக்ஸரில் ட்ரெபிளையும் அவனே வைக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார். அவனைப் பெட்டியோடு வரச்சொல்லி முந்தின நாளே போனில் சொல்லியிருக்கலாம். போனில் வாய் தெரியாது, அவன் என்ன பதில் சொல்கிறான் என்று பாதி புரியாது. நேரில் சொல்லிவிட்டு, தானே வண்டியில் சூரமங்கலம் போய்ப் பெட்டியை ஏற்றி வந்துவிடலாம், நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தார்.

நாலு மணிக்குப் பிரபாகர் கிட்டார்ப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். சென்றாயன் பின்னாலேயே வந்தார். ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கு?" என்றார்.

"பிரபா பொட்டிக்கு" என்றார் அர்த்தநாரி. "பிரபா, ஒரு எட்டுப் போயி அதைத் தூக்கியாந்துரலாம், வா. வண்டி நிக்குது."

"எதைண்ணா?"

"உம் பொட்டியை."

"அதை வித்துட்டேனேண்ணா" என்றான் பிரபாகர். "ஈரோட்டுல ஒரு சர்ச்சுல பசங்க வாசிக்கறாங்க, அவங்களுக்குக் குடுத்துட்டேன். உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போன மறுநாளே. ஊட்டுல வெச்சுப் பார்க்கப் பார்க்க வெறுப்பா இருந்துச்சு."

அர்த்தநாரி ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். இனிமேல் சொல்லி என்ன பயன் என்று மனது உடனே கணக்குப் போட்டது. பெட்டியும் போயாயிற்று, வயரை மிக்ஸரில் குத்திவிட்டால் கச்சேரி நடந்துவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. அந்தக் கணக்கு வந்த வேகத்தைப் பார்த்து அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"பிரபா, கோளாறு பொட்டியில இல்ல. எங்காதுல. மேல் சத்தம் எதுவுமே எனக்குக் கேக்காது. டாக்டரைப் பார்த்துட்டேன். அன்னிக்கு ராசிபுரத்துல நாந்தான் தப்பா வெச்சேன்."

சென்றாயன் பெரிதாகச் சிரித்தார். "பாம்புக் காதுக்காரன் பேசற பேச்சைப் பாரு!" என்றார். யாரும் கூடச் சிரிக்காததைக் கண்டு அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அர்த்தநாரியின் காதையும் மிக்ஸரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கு ஓட்டு. நாளைக்குப் பேசிக்கலாம்" என்று எங்கோ பார்த்துச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். நாளைக்கு என்ன பேச்சு வரும் என்று அர்த்தநாரிக்குத் தெரியும்.

பிரபாகர் நகரவில்லை. "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டான். "நான் உங்க ஊட்டுக்கு வந்தனே. அதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அப்புறம் என்று சொன்னால் போதும். அவன் நம்பிவிடுவான்; அவர் எது சொன்னாலும் நம்புகிறவன்தானே.

"முன்னாடியே" என்றார் அர்த்தநாரி.

பிரபாகர் கிட்டார்ப் பையைத் தோளிலிருந்து இறக்கி மேடையில் வைத்தான். அவனும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கோபப்படுவான், அடித்தாலும் அடிப்பான் என்றுதான் அர்த்தநாரி எதிர்பார்த்தார். அவன் கண் நிறைந்து நின்றது.

"அப்ப அதுல ஒரு குறையும் இல்ல."

"ஒரு குறையும் இல்ல, பிரபா. அந்தத் தட்டைத் தலை, ஓரமா. நீ சொன்னதுதான் சரி. ஈரோட்டுக்கு நான் போறேன். கால்ல உழுந்தாவது திருப்பி வாங்கிட்டு வாரேன்."

பிரபாகர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பொட்டியை வாங்கிரலாம்ணா. வாசிச்சு முடிச்சா, நல்லா இருந்துச்சான்னு இனி நான் யாரைக் கேக்கறது?"

அவன் மெதுவாகத்தான் பேசினான். எதிரில் உட்கார்ந்திருந்ததால் அர்த்தநாரிக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.